வீட்டில் இல்லை என்று சொன்ன வருஷங்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்திருந்தவர்கள் நான்கு பேர்: செங்கல் காளவாய்க்காரர், மரக்கடை பாய், மளிகைக்கடைக்காரர், கச்சேரி ரோட்டு வக்கீல் ஒருவரின் குமாஸ்தா. வீட்டு ஆட்கள் அம்மாவும் நானும். வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர், மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் தனியாகக் குடியிருந்த பிராமண விதவை. அவரை நாங்கள் மாமி என்றுதான் சொல்வோம். அப்படிப்பட்ட கூட்டத்துக்கெல்லாம் தான் வருவதற்கில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார். இன்னொருவர் என் அப்பா. அவர் எங்களுக்கு நாலடி தள்ளி, சாத்தியிருந்த உள்ளறைக் கதவுக்குப் பின்னால், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். இருந்தாலும் அவரையும் வராதவர் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். எங்கள் வீட்டில் நாலு வருஷமாக அப்படித்தான் கணக்கு.

குமாஸ்தா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "எல்லாரும் வந்தாச்சா?" என்றார்.

"கடன் குடுத்தவங்கல்லாம் வந்துட்டோம். வாங்கின ஆளத்தான் காணோம்," என்றார் காளவாய்க்காரர்.

அம்மா வழக்கமான குரலில், "அவரு வீட்ல இல்லீங்க," என்றாள்.

அந்த நேரம் பார்த்து உள்ளே இருமல் கேட்டது. சுண்ணாம்புத் தூளை இருபத்தைந்து வருஷம் மூச்சில் இழுத்தவருக்கு வரும் வறட்டு இருமல். துண்டை வாயில் அடைத்துக்கொண்டு இருமினாலும் கேட்கும்.

"பரவால்லியே," என்றார் காளவாய்க்காரர். "வீட்ல இல்லாத ஆளு ஜோரா இருமிக்கினு கீறாரே!"

மளிகைக்கடைக்காரர் சிரித்துவிட்டார். பாய் சிரிக்கவில்லை. அம்மா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போய் எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மந்தைவெளியில் அந்த வீடு அப்பா தன் கையாலேயே கட்டியது. இரண்டு அறை, பின்னால் ஒரு சமையல் தாழ்வாரம், அதற்கப்பால் ஒரு கதவு, அது திறந்தால் சந்து. அப்பா கொத்தனாராக இருந்து மேஸ்திரியானவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு ஒற்றைக் கண்ணால் பார்த்தாரென்றால் சுவர் ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் சொல்லிவிடுவார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். நான் ஸ்லேட்டில் எழுதுவதை அப்பா அதே ஒற்றைக் கண்ணால்தான் பார்ப்பார். "வரி கோணாம போவுதே நைனா," என்பார். அவர் என்னைப் பாராட்டியதெல்லாம் அவ்வளவுதான்.

கடன் வந்த கதை ஊரறிந்த கதை. தியாகராய நகரில் அப்பா ஒரு மாடி வீட்டைக் கட்ட ஒத்துக்கொண்டார். வீட்டுக்காரர் ரங்கூனில் வியாபாரம் செய்து பணம் சேர்த்தவர். பேச்சு எல்லாம் வாய்ப் பேச்சு. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புக்கு வந்திருந்தேன். ஒரு தாளில் ஒப்பந்தம் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டால் நல்லதென்று சொன்னேன். அப்பா சிரித்தார். "எய்திக் குடுன்னு கேட்டா, உன்னை நம்பலேன்னு அவரு மூஞ்சிக்கு நேரா சொல்ற மாதிரி," என்றார். சுவர் கூரை மட்டத்துக்கு வந்த சமயம் ரங்கூன் விழுந்தது. பணம் அங்கே மாட்டிக்கொண்டது, வரும், வரும் என்றார் வீட்டுக்காரர். அப்புறம் இங்கேயும் குண்டு போடுவார்கள் என்று பட்டணமே மூட்டை கட்டியதே, அந்தக் கூட்டத்தோடு அவரும் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு சொந்த ஊருக்கு ரயிலேறிவிட்டார். இரண்டு கடிதம் நான்தான் எழுதினேன். பதில் இல்லை. பிறகு அந்த மனையை வேறு யாரோ வாங்கினார்கள்.

அப்பாவின் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சனிக்கிழமை சாயந்திரம் கூலி கொடுக்காத மேஸ்திரி திங்கட்கிழமை சாரத்தில் கால் வைக்கக் கூடாது. வீட்டுக்காரர் கொடுத்தாரா இல்லையா என்பது கொத்தனாரும் சித்தாளும் கேட்க வேண்டிய கேள்வியில்லை. அதனால் வீட்டுக்காரர் தவணை சொல்லிக்கொண்டிருந்த அந்த எட்டு வாரமும் அப்பா பதினெட்டுப் பேருக்குக் கூலி கொடுத்தார். மாமியிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்து வாங்கிய ஐந்நூறு ரூபாய் அதில் போயிற்று. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. செங்கல் இருநூற்று நாற்பது, மரம் நூற்றறுபது, இதெல்லாம் கடன் கணக்கு. வேலை நின்ற பிறகு நாங்கள் சாப்பிட்ட மளிகை எண்பது. சிமெண்டும் இரும்பும் சர்க்கார் கட்டுப்பாட்டுக்குப் போய்விட்டதால் யாரும் வீடு கட்டவில்லை. அப்பா பரங்கிமலையில் பட்டாளத்துக் கொட்டகை வேலைக்குச் சாதாரணக் கொத்தனாராகப் போனார். விடியும் முன் பின்சந்து வழியாகப் போய் இருட்டும்போது திரும்புவார். அந்த வேலையும் முடிந்தது. அதன் பிறகு அவர் எங்கும் போகவில்லை. அம்மா லஸ் பக்கம் இரண்டு வீடுகளில் மாவரைக்கப் போனாள்.

முதல் தடவை "அப்பா வீட்ல இல்ல" என்று நான் சொன்னபோது அப்பா என் பின்னால் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார். கதவுக்கு வெளியே காளவாய்க்காரர். உள்ளே சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றதை நான் திரும்பிப் பார்க்காமலே உணர்ந்தேன்.

பிறகு அது பழகிவிட்டது. அம்மா காளவாய்க்காரரிடம் "வேலைக்குப் போயிருக்காரு" என்பாள், பாயிடம் "இப்பதான் வெளிய போனாரு" என்பாள், மளிகைக்கடைக்காரரிடம் "ஊருக்குப் போயிருக்காரு" என்பாள். யாரிடம் எதைச் சொன்னோம் என்று மறக்காமல் இருக்க அப்படி ஆளுக்கொன்றாகப் பிரித்து வைத்திருந்தாள். அப்பாவும் சத்தங்களைப் பிரித்து வைத்திருந்தார். காளவாய்க்காரரின் செருப்பு லாடம், பாயின் சைக்கிள் மணி, மளிகைக்கடைக்காரர் தெருமுனையிலேயே தொண்டையைக் கனைப்பது. சத்தம் எங்களுக்குக் கேட்பதற்கு முன்பே தட்டை எடுத்துக்கொண்டு அவர் உள்ளே போயிருப்பார். தரையில் இரண்டு தம்ளர் இருந்தால் ஒன்றை மறைப்பது என் வேலை.

கொஞ்ச நாளில், யாரும் வராதபோதும் அவர் முன்னறைக்கு வருவதை நிறுத்தினார். சத்தமாகப் பேசுவதை நிறுத்தினார். நடந்தால் பாதம் தரையில் படும் ஓசை இருக்காது. ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர், கடனுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஏணி இரவல் கேட்டு வந்தார். "உங்கப்பா எங்கேப்பா?" என்றார். "இல்லீங்க," என்றேன். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. உண்மையாகவே இல்லை என்று நினைத்துத்தான் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு உள்ளறைக்குப் போனால், மூலையில் ஒரு ஆள் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் பயந்ததை அவர் பார்த்துவிட்டார் என்பது இன்றைக்கும் என்னை விடாத ஒன்று.

எனக்கு மவுண்ட் ரோடில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை கிடைத்தது. முதல் சம்பளம் நாற்பது ரூபாய். அதைக் கொண்டுவந்து அப்பாவின் கையில் வைத்தேன். அவர் ஐந்து ரூபாயைத் தனியாக எடுத்தார். "மாமிக்கு ஒரு மாச வட்டியாவது போவட்டும். அந்தம்மா ஒருத்திதான் நம்ம வாசலுக்கு வந்து நிக்கல," என்றார். நான் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றேன். "இல்ல, நானும் வரேன்," என்றார். அவர் வெளியே வருகிறேன் என்று சொல்லி எவ்வளவோ நாளாயிருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

விளக்கு வைக்கும் நேரத்தில் பின்சந்து வழியாகக் கிளம்பினோம். துண்டைத் தலையில் முக்காடு போல் போட்டுக்கொண்டு, தெருவிளக்கு இல்லாத ஓரமாகவே அப்பா வந்தார். குளக்கரையில் நான் முன்னால் போய் ஆள் யாரும் இல்லையென்று பார்த்துத் தலையாட்டினால்தான் திருப்பம் கடப்பார். மாமி வீட்டில் ரேழியிலேயே நின்றோம். மாமி நார்மடிப் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். ஐந்து ரூபாயைப் பார்த்தார். உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து புரோநோட்டை எடுத்துவந்தார்.

"பின்னாடி எழுதிடுப்பா," என்றார். "இன்ன தேதியில வட்டிக்கு அஞ்சு ரூபாய் வரவுன்னு. நீதான் படிச்சவனாச்சே. அப்பா கைநாட்டு வெச்சுடட்டும்."

பேனாவும் மைக்கூடும் அவரே கொண்டுவந்தார். நான் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, என் எழுத்திலேயே நல்ல எழுத்தாக, வரி கோணாமல் எழுதினேன். தேதியை எண்ணிலும் எழுத்திலும் போட்டேன். அப்பா அதன் அடியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். மாமி வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"முத்து முத்தா எழுதறானே. மேஸ்திரி, உமக்கு என்ன கவலை?" என்றார்.

திரும்பி வரும்போது அப்பா இருட்டில் என் தோளைத் தொட்டார். நான் படித்த படிப்பு முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு உபயோகப்பட்டது என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

ஒரு வருஷம் ஓடிற்று. ஒரு நாள் ஆபீசிலிருந்து வந்தபோது கோர்ட்டுச் சேவகன் சம்மனைக் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருந்தான். ஆள் இல்லை என்று அம்மா சொன்னதால் ஒட்டிவிட்டானாம். மாமியின் பெயரில் அவருடைய தம்பி மகன், அவர் ஒரு வக்கீல், பிராது போட்டிருந்தார். அசலும் வட்டியும் நான் கொடுத்த ஐந்து போக எழுநூற்று முப்பத்தைந்து ரூபாய். கொடுக்காவிட்டால் வீடு ஏலத்துக்குப் போகும்.

யாரைக் கேட்பது? எங்கள் உறவில் சம்மனைப் படிக்கத் தெரிந்த ஆளே நான் ஒருவன்தான். கச்சேரி ரோட்டில் எங்கள் ஆபீஸ் நண்பன் ஒருவனுக்குத் தெரிந்த வக்கீல் குமாஸ்தா இருந்தார். வக்கீலைப் பார்ப்பதற்கு முன் அவரைப் பார்த்தால் செலவு குறைவு என்றான். போனேன். கடன்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, அப்பாவின் நிலையையும் மறைக்காமல் சொன்னேன். அவர் சம்மனைப் படித்துவிட்டு, கடன் வாங்கிய தேதியையும் நான் வரவு எழுதிய தேதியையும் விரல் விட்டு எண்ணினார்.

"பதினோரு நாள்," என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"நோட்டுக்கு ஆயுசு மூணு வருஷம் தம்பி. அதுக்குள்ள வழக்குப் போடலேன்னா வெறும் காயிதம். இன்னும் பதினோரு நாள் போயிருந்தா இது செத்திருக்கும். நீ அஞ்சு ரூபாய் வரவு எழுதி, உங்கப்பா கைநாட்டு வெச்சீங்க பாரு, அன்னியிலேர்ந்து புதுசா மூணு வருஷம். எழுதினது யாரு?"

"நான்தான்."

"நல்ல எழுத்து," என்றார். கேலியாகச் சொன்னாரா என்று எனக்கு இன்னும் தெரியாது.

மற்ற மூன்று கடன்களையும் பார்த்தார். "இதெல்லாம் கடைக் கணக்கு. மூணு வருஷம் தாண்டிப் போச்சு. இவங்க யாரும் கோர்ட் வாசலை மிதிக்க முடியாது. ஆனா உங்க வீட்டு வாசலை மிதிக்கறத எந்தச் சட்டம் தடுக்கும்?"

பிறகு வழிகளைச் சொன்னார். முதலாவது, மஞ்சள் கடுதாசி. ஹைகோர்ட்டில் அப்பா தன்னால் கடனைத் தீர்க்க முடியாது என்று மனுக் கொடுப்பது. கடன் எல்லாம் ஓய்ந்துவிடும். வீட்டைச் சர்க்கார் அதிகாரி எடுத்து விற்றுவிடுவார். இரண்டாவதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார். "மூணு வருஷம் முடிஞ்சப்புறம்தான் எழுதினேன், அந்தம்மா சொன்னாங்கன்னு முன்தேதி போட்டேன்னு நீ கோர்ட்ல சொல்லு. ஒரே ஒரு வார்த்தை. வழக்கு தள்ளுபடி. ஒருத்தனுக்கும் ஒரு தம்பிடி கிடையாது. வீடும் தங்கும்." மூன்றாவது, எல்லாரையும் கூப்பிட்டு ராஜி பேசுவது. ரூபாய்க்கு இத்தனை அணா என்று முடித்துத் தவணையில் கட்டுவது. "மூணாவதுல லாபம் ஒண்ணும் கிடையாது," என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

அன்றைக்கு டிராமுக்குக் காசு இருந்தும் நடந்தே வந்தேன். இரண்டாவது வழியை நான் வெறுத்தேன் என்று எழுத ஆசைதான். நிஜம் அதுவல்ல. நடந்த தூரம் முழுக்க, கூண்டில் ஏறி அந்த ஒரு வார்த்தையை எப்படிச் சொல்வதென்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அப்பாவிடம் உள்ளறையில் உட்கார்ந்து மூன்றையும் சொன்னேன். என்னுடைய அந்த ஐந்து வரி எழுத்துதான் செத்துப்போக இருந்த கடனை எழுப்பி உட்காரவைத்தது என்பதையும் சொன்னேன். அவர் மஞ்சள் கடுதாசியைப் பற்றி மட்டும் கேட்டார்.

"கோர்ட்ல பேர் சொல்லிக் கூப்பிடுவானா?"

"கூப்பிடுவான். மூணு தடவை."

"இருக்கேன்னு சொல்லணுமா?"

"ஆமா."

"அது என்னால ஆவாது நைனா," என்றார். பிறகு, "அந்தத் தேதி நீ போட்டதுதானே? அன்னிக்குத் தேதி அதுதானே?"

"அதுதான்."

"அப்புறம் இன்னா பேச்சு," என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்றாவது வழிதான் மிஞ்சியது. மாமியை நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். அதே ரேழி. ரூபாய்க்குப் பதினாறணாவுக்குப் பதில் பத்தணா என்று எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். மாமி நின்றுகொண்டே கேட்டார்.

"பத்தணா பேச்செல்லாம் எங்கிட்ட பேசாதேப்பா. ஆத்துக்காரர் போறப்போ விட்டுட்டுப் போனது இதுதான். இந்த வட்டியிலதான் நான் சாப்பிட்டுண்டு இருந்தேன். நாலு வருஷமா எப்படிச் சாப்பிட்டேன்னு நீ கேட்டியோ? இதுவும் போச்சுன்னா யாராத்துலயாவது கரண்டி பிடிக்கப் போகணும்."

நான் கேட்க வந்ததைக் கேட்டேன். "அன்னிக்கு எழுதச் சொன்னீங்களே, பதினோரு நாள்தான் பாக்கின்னு உங்களுக்குத் தெரியுமா மாமி?"

"தெரியும். தம்பி பிள்ளை சொல்லியிருந்தான்." என்னை நேராகப் பார்த்தார். "சொல்லியிருந்தா எழுதியிருப்பியோ?"

பதில் அன்றைக்கும் தெரியாது, இதை எழுதும் இப்போதும் தெரியாது. மாமி, "இன்னியோட வட்டியை நிறுத்திக்கறேன். கோர்ட் செலவு என்னோடது. அவ்வளவுதான் என்னால ஆகும். மாசம் பொறந்தா தவணை தவறப்படாது," என்றார்.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தோம். என் எண்ணமெல்லாம் ஒன்றுதான். கடன்காரர்கள் ஒப்புக்கொண்டு வருவதை நிறுத்திவிட்டால், அப்பா முன்கதவு வழியாகப் பகலில் வெளியே போவார். வீடு மிஞ்ச வேண்டும் என்பதுகூட எனக்கு அதற்கு அடுத்தபடிதான்.

குமாஸ்தா ஏற்பாட்டைச் சொன்னார். யுத்தம் முடிந்து பட்டணத்தில் குடியிருக்க இடம் கிடைக்காத காலம். முன்னறையை வாடகைக்கு விட்டால் பதினைந்து ரூபாய் வரும். என் சம்பளத்திலிருந்து பதினைந்து. ஆக மாதம் முப்பது. மாமிக்கு மாதம் இருபத்தொன்று போக, மிச்சம் ஒன்பதை முறை வைத்து மூன்று பேருக்கும். அவர்களுக்கு ரூபாய்க்குப் பத்தணா.

"ஆறணா நாமமா?" என்றார் காளவாய்க்காரர். "நாலு வருசம் நடந்தேனே, அதுல தேஞ்ச செருப்புக்கே ஆறணா பத்தாதே!"

"லாடம் அடிச்ச செருப்பு தேயாதுப்பா," என்றார் பாய். "நீ வர்ற சத்தம் சாந்தோம் வரிக்கும் கேக்குது. அப்புறம் எப்படி மேஸ்திரி வீட்ல இருப்பாரு?"

மளிகைக்கடைக்காரர் தெற்கத்திக்காரர். "எண்பதுக்கு ஐம்பதா? வந்த மட்டும் சரிதான். சாப்பாட்டுக்குக் கொடுத்த சாமான்தானே. தாரும்," என்றார். காளவாய்க்காரர் இன்னும் கொஞ்சம் முணுமுணுத்தார். சட்டப்படி தனக்கு ஒன்றும் வராது என்பது அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தோன்றியது. கடைசியில், "சரி, பத்தணா. ஆனா பையன் கையெய்த்து மட்டும் பத்தாது. மேஸ்திரி கையி வேணும். கடன் வாங்கினது அவரு," என்றார்.

எல்லோரும் உள்ளறைக் கதவைப் பார்த்தார்கள்.

அம்மா எழுந்து கதவருகில் போய் மெதுவாக, "வாங்க," என்றாள். சத்தமில்லை. "முடிஞ்சிபோச்சு, வந்து ஒரு நாட்டு வெச்சிட்டுப் போங்க." சத்தமில்லை. நான் போய்க் கூப்பிட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு விடுவது கேட்டது. காளவாய்க்காரர்கூட இப்போது கேலி பேசவில்லை.

பிறகு கதவு ஒரு சாண் திறந்தது. அந்த இடுக்கு வழியாக ஒரு கை மட்டும் வெளியே வந்தது. வெயில் படாமல் வெளுத்துப்போயிருந்த கை. சுண்ணாம்பு அரித்த நகங்கள் மட்டும் பழையவை. கட்டைவிரலைத் தனியாக நீட்டிக்கொண்டு, அது அப்படியே அந்தரத்தில் நின்றது.

பாய்தான் எழுந்தார். குமாஸ்தாவின் மைப்பெட்டியை வாங்கி அந்த விரலில் மை தடவினார். தாளைத் தன் உள்ளங்கையில் வைத்துக் கதவருகே பிடித்தார். கை தடவிப் பார்த்து அழுத்திற்று. மூன்று தாள், மூன்று முறை. "போதும் மேஸ்திரி," என்று பாய் தன் தோள் துண்டால் அந்த விரலைத் துடைத்துவிட்டார். கை உள்ளே போயிற்று. கதவு சாத்திக்கொண்டது.

போகும்போது காளவாய்க்காரர் வாசலில் நின்று என்னிடம், "உங்கப்பா கட்ன செவுத்துல ஒரு வெடிப்பு கீதா பாரு," என்றார். கோபமாகச் சொல்வதுபோலத்தான் சொன்னார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. நானே மாதாமாதம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

முன்னறைக்கு ஒரு குடும்பம் குடிவந்தது. நாங்கள் பின்சந்துக் கதவைப் புழங்கினோம். முன்கதவு அவர்களுடையதாகிவிட்டது. அவர்களைத் தேடி யாராவது வந்து கதவைத் தட்டினால், நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் அப்பாவின் உடம்பு விறைக்கும். "நம்மள இல்லப்பா, அவங்கள," என்பேன். தலையாட்டுவார். அடுத்த தட்டலுக்கு மறுபடி விறைப்பார்.

முப்பத்தைந்து மாதம் ஒரு தவணைகூடத் தவறவில்லை. மூன்று பேர் கணக்கும் முன்னதாகவே தீர்ந்தது. கடைசி இருபத்தொரு ரூபாயை மாமியிடம் கொடுத்தபோது அவர் நோட்டைக் குறுக்கே கிழித்து என் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்து இரண்டு துண்டையும் அப்பாவின் முன் வைத்தேன். அவர் பின்பக்கத்தைத் திருப்பி என் எழுத்தின்மேல் விரலை ஓட்டினார். "வரி கோணல," என்றார்.

அந்த மாதம் குடியிருந்தவர்கள் காலி செய்தார்கள். முன்னறையைக் கழுவிவிட்டு, முன்கதவை இரண்டு பக்கமும் திறந்து வைத்து, அப்பாவைக் கைபிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்தேன். வெயில் நேராக அவர் காலில் விழுந்தது. அம்மா இரண்டு தம்ளரில் காப்பி கொண்டுவந்து வைத்தாள். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, யாரும் மறைக்க வேண்டியதில்லை. கால் மணி நேரம் அப்படி இருந்திருப்பார். தெருவில் யாரோ நடந்து வந்து நிலைக்காலைத் தட்டினார்கள். இடம் காலியாக இருக்கிறதா என்று விசாரிக்க வந்த ஒருவர். "வீட்ல யாருங்க?" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தபோது அப்பாவின் இடத்தில் காப்பி மட்டும் இருந்தது. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. அதற்குப் பின்னாலிருந்து, எங்கள் அம்மா சொல்லும் அதே ராகத்தில், அப்பாவின் குரல் மெதுவாகக் கேட்டது.

"அவரு வீட்ல இல்லீங்க."

வந்தவர் என்னைப் பார்த்தார். இடம் இப்போதைக்கு விடுவதாக இல்லை என்று சொல்லி அனுப்பினேன். இது நடந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. அந்தக் கதவு இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

நான் படித்தவன், கணக்கை முடித்து எழுதுவது என் பொறுப்பு. மாமிக்கு எழுநூற்று முப்பத்தைந்து. காளவாய்க்கு நூற்றைம்பது, மரக்கடைக்கு நூறு, மளிகைக்கு ஐம்பது. குமாஸ்தாவுக்குப் பத்து. பத்திரத்தாள் வகையில் இரண்டு ரூபாய் எட்டணா. எல்லாவற்றுக்கும் முன்னால், என் முதல் சம்பளத்திலிருந்து எடுத்து, என் கையாலேயே வரவு எழுதிய ஐந்து. ஆக மொத்தம் ஆயிரத்து ஐம்பத்திரண்டு ரூபாய் எட்டணா.